நான்கடி உள்ளங்கை

மந்தைவெளியின் மகாராணியும், என் தலையில் குட்டும் உரிமையைக் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவளுமான என் அக்காவுக்கு,

தென்னிந்தியப் பட்டுப்புடவை உலகின் முடிசூடா மன்னனும், உன் ஒரே தம்பியுமான மாணிக்கம் நடுங்கிக்கொண்டே எழுதுவது. நான் எதைச் சொன்னாலும் பத்தில் ஒன்பது பங்கைக் கழித்துவிட்டுத்தான் நீ கேட்பாய். இந்தக் கடிதத்திலும் கழித்துக்கொள். நடுக்கத்தை மட்டும் கழிக்காதே.

முதலில் நல்ல செய்தி. யமுனாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உன் பேத்திக்கு இன்று நாற்பத்தொரு நாள். மூக்கு அப்படியே உன் மூக்கு. தொண்டை என்னுடையது. அவள் அழ ஆரம்பித்தால் பறக்கும் ரயில் மந்தைவெளி நிலையத்தில் நிற்காமல் ஓடிவிடுகிறது, மெரினாவில் அலை கரைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது.

நேற்று முன்தினம்வரை நான் அவளை ஒருமுறைகூடத் தொடவில்லை, அக்கா.

முதல் வாரம் ஜலதோஷம் என்றேன். அடுத்து முதுகுப் பிடிப்பு. அதற்கப்புறம் எனக்குச் சனி பார்வை, பச்சைக் குழந்தையைத் தூக்கக்கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார் என்றேன்.

“எந்த ஜோசியர் மாமா? பேரு சொல்லு” என்றாள் உன் மகள்.

“பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரு.”

“சீன் போடாத மாமா. நீ ஜாதகத்தையே நம்பாத ஆளு.”

அம்மா இல்லாத வீட்டில் தாய்மாமனே குழந்தையைத் தொடவில்லை என்றால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? ஒருநாள் கேட்டேவிட்டாள். “பொண்ணுன்னு பிடிக்கலையா மாமா?” நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று வருஷமாக வரவில்லை.

உனக்குத் தெரியும், தி.நகர் கடையில் என்னை மாணிக்கம் என்று யாரும் கூப்பிட்டதில்லை. கைராசிக்காரர். கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பங்கள் மூன்று மாடி ஏறி என்னைத் தேடும். முகூர்த்தப் புடவையை என் கையால் எடுத்துப் பெண்ணின் மடியில் வைக்க வேண்டும். அப்படி வாங்கிப்போன ஒருத்திக்கு மாமியாரே மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறாள் என்று நானே கிளப்பிவிட்ட கதை செங்கல்பட்டைத் தாண்டி ஓடியது. ஊர் நம்பியது. ஊரைவிட நீ அதிகம் நம்பினாய். அங்கேதான் கெட்டது.

இப்போது நான் ரவிக்கைத் துணிப் பிரிவில் இருக்கிறேன். நானே கேட்டு வாங்கிக்கொண்ட பதவி இறக்கம். “கைராசிக்காரர் எங்கேப்பா?” என்று யாராவது கேட்டால் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் குனிந்துவிடுகிறேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவுகிறேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. முதலாளி கேட்டதற்குச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

யமுனாவின் வேலை உனக்கு நினைவிருக்கிறதா? நுண்ணுயிரியல் படித்துவிட்டு, கம்ப்யூட்டரில் கிருமிகளைப் படம் வரைகிறாள். “சந்தனப் பொட்டு அளவுக்கு ஒரு கோலம் போடத் தெரியாது, வைரஸ் வரையறாளாம்” என்று நீ பெருமையாகத் திட்டுவாயே. இப்போது அவளுக்கு நல்ல பெயர். பாடப்புத்தகங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வரைகிறாள். பெரிய மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்கள் அவளுக்கு வரும், எல்லாம் வெறும் சாம்பல் நிறம். அவற்றைப் பார்த்துப் பார்த்து உருட்டித் திரட்டி உருவம் கொடுப்பாள்.

“அதுங்களுக்கு நிறமே கிடையாது மாமா. வெளிச்சத்தோட அலையைவிடச் சின்னது சிலது. நிறம் நாமதான் குடுக்கணும்.”

நிறமா? யாரிடம் கேட்கிறாள்? அன்றிலிருந்து உன் தம்பி அகில உலகக் கிருமிகளின் ஜவுளி ஆலோசகன். சிலந்திக்கால் முளைத்த ஒரு வைரஸுக்கு மாந்துளிர் உடல், அரக்கு பார்டர். வயிற்றைக் கலக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு வெங்காயத்தோல் நிறம். முட்கிரீடம் வைத்த கொரோனாவுக்கு நான் மயில்கழுத்து சொன்னேன். “அதுக்கு இவ்வளவு அழகு வேண்டாம்” என்று மறுத்துவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், அவள் என் கையைக் கேட்கும்வரை.

குழந்தை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு. “ஒரு ஆஸ்பத்திரிக்குப் பெரிய படம் வேணுமாம் மாமா. கை கழுவறதைப் பத்தி. ஒரு நிஜ உள்ளங்கையை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, அதை மலை பள்ளத்தாக்கு மாதிரி ஆக்கப்போறேன். உன் கை நல்லாக் கோடு கோடா இருக்கு. குடு.”

“எந்த ஆஸ்பத்திரி?” என்றேன்.

நீ படுத்திருந்த ஆஸ்பத்திரிதான். நீ படுத்திருந்த மாடிதான்.

இவளுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் என் கையைக் கேட்கிறாளா? மறுத்தால் ஏன் என்று கேட்பாள். நீட்டினேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் மாட்டிய பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவள் போனைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய் அறுபது எழுபது படம் எடுத்தாள். “ஏன் மாமா இப்படி வேர்க்குது?” என்றாள். மின்விசிறியைக் குறை சொன்னேன்.

அக்கா, இனி சொல்லப்போவது நேற்று முன்தினம்வரை உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

குடல் ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள். நீ தேறிவிட்டாய், மோர் கேட்டுச் சண்டை போட்டாய். பார்வையாளர் நேரம் முடிந்தபிறகு வந்தேன். வாசலில் காவலாளி மறித்தான்.

“டைம் முட்ஞ்சி போச்சு சார். எங்க போய்க்கினு கீற?”

“உள்ள இருக்கிற பெரிய டாக்டர் எனக்குச் சம்பந்திப்பா.”

“காலைல வேற டாக்டரைச் சம்பந்தின்னியே நைனா?”

“எனக்கு ரெண்டு பொண்ணு.”

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று அவனுக்கு யார் சொல்வது? கை குலுக்கிவிட்டு உள்ளே நுழைந்தேன். என் சாமர்த்தியத்தை நினைத்து நானே மார்தட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

உன் கழுத்து ரத்தநாளத்தில் மருந்து ஏற்றக் குழாய் போட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது.

“டேய், அரிக்குதுடா. கொஞ்சம் அழுத்தி ஒட்டு.”

“நர்ஸைக் கூப்பிடறேன் இரு.”

“அந்தப் பொண்ணு திட்டும். நீயே ஒட்டு. உன் கை பட்டா எல்லாம் சரியாப் போயிடும்.”

கட்டில் காலில் கை துடைக்கும் மருந்துப் புட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பஸ் கம்பியைப் பிடித்த கை. லஸ் முனையில் பஜ்ஜி தின்ற கை. காவலாளியின் கையைக் குலுக்கிய கை. கைராசிக்காரன் கைக்கு மருந்து எதற்கு? பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கி, நீ காட்டிய இடத்தில் நகத்தால் மெதுவாகச் சொறிந்து, மறுபடி அழுத்தி ஒட்டினேன். “அப்பாடா” என்று கண்ணை மூடினாய்.

அதற்கு மூன்றாம் நாள் உனக்குக் குளிர் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர். அதற்கப்புறம் ஒன்பது நாள்தான் இருந்தாய்.

அது என் கைதானா, அக்கா?

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை. “படம் முடிஞ்சுது, வந்து பாரு” என்று யமுனா கூப்பிட்டாள். குழந்தை தொட்டிலில் தூங்கியது. திரையில் என் உள்ளங்கை. நான்கடி உயரத்துக்கு அச்சிட்டு வார்டு வாசலில் மாட்டப்போகிறார்களாம். ஆயுள் ரேகை பாலாறு மாதிரி வறண்டு ஓடியது. அதன் இரு கரையிலும், விரல் இடுக்கிலும், நகக்கண்ணிலும் குச்சி குச்சியாக, வழுவழு உறை போர்த்திக்கொண்டு, ஆயிரம் பதினாயிரமாக அவை படுத்திருந்தன. சில இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தன.

“அளவுல பொய் சொல்லியிருக்கேன் மாமா, நிஜத்துல கண்ணுக்கே தெரியாது. உருவத்துல பொய் இல்ல. அம்மா ரத்தத்துல வளந்ததா ரிப்போர்ட்ல இருந்துதே, அதேதான் இது.”

கட்டைவிரலுக்குக் கீழே அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. கடையில் சேர்ந்த முதல் வாரம் கத்தரி வெட்டியபோது நீ காப்பித்தூளை வைத்து அழுத்திப் பிடித்தாயே, அதே இடம். தழும்பின் பள்ளத்திலும் அவை குடியிருந்தன.

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சம்பந்தி, பஜ்ஜி, புட்டி, நகம். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சொல்கூட மிகைப்படுத்தாமல் ஒரு கதை சொன்னேன்.

அவள் திரையில் அந்தத் தழும்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“உன் கையா இருக்கலாம்” என்றாள். “அம்மா குடல்லயே இருந்திருக்கலாம். தினமும் முத்தம் குடுத்தேனே, என் வாயா இருக்கலாம். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது மாமா. நானும் இதை வரைஞ்சு வரைஞ்சு தேடிப் பாத்துட்டேன்.”

அவளும் தேடியிருக்கிறாள், அக்கா. இரண்டு பேரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

“கையை மாத்திடட்டுமா? வேற யாரோட கையாவது வச்சுக்கறேன்.”

“வேண்டாம்மா. இதுவே இருக்கட்டும்.”

“அப்ப எழுந்து போய்க் கை கழுவு.”

வீட்டைவிட்டு அனுப்புகிறாள் என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே வந்து குழாயடியில் நின்றாள். “கட்டைவிரலை விட்டுட்ட. நகக்கண்ணு. அவசரப்படாத. முப்பது தடவை கழுவறியே, ஒரு தடவையாவது ஒழுங்காக் கழுவினியா?” உன் குரல்தான். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

துடைத்ததும் குழந்தையைக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் வைத்துவிட்டாள். கேட்கவே இல்லை. நூறு மகாராஜாக்களின் பட்டாபிஷேகப் பட்டை ஒரே நேரத்தில் தூக்கியவன் நான். மூன்றே முக்கால் கிலோவைத் தாங்கச் சுவரில் சாய்ந்துகொண்டேன். குழந்தை என் தழும்புக் கையின் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தாள். நான் அலறிய அலறலில் அவளே பயந்து அழுதாள். யமுனா சிரித்தாள். நீ போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். படம் மாட்டும் நாளில், பார்வையாளர் நேரத்திலேயே, யாருக்கும் சம்பந்தியாகாமல் அந்த மாடிக்குப் போவேன். அந்த நான்கடிக் கைக்கு முன்னால் நிற்பேன். என்னைப்போல ஒருவன் மார்தட்டிக்கொண்டு ஏறி வந்தால், “ஐயா, இது என் கை” என்று காட்டிவிட்டுப் புட்டி இருக்கும் இடத்தைச் சொல்வேன். அதற்கப்புறம் யமுனா வீட்டுக்கு வந்து, கட்டைவிரலில் தொடங்கி ஒழுங்காகக் கழுவி, உன் பேத்தியைத் தூக்குவேன். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் தூக்குவேன்.

அது என் கைதான் என்றால், என்றாவது நான் உன்னிடம் வந்து சேரும்போது சொல். இல்லை என்றாலும் சொல். அதுவரை குட்டுவதற்குத் தலையைக் குனிந்தே வைத்திருக்கிறேன்.

ஈரம் காயாத கையோடு,
உன் தம்பி,
யமுனாவின் மாமன்,
மாணிக்கம்