உன் மூக்கில் இருந்த கிருமி

இன்று காலை வார்டுக்குப் புதிதாக வந்த கைகழுவும் மருந்தைத் திறந்தேன். அந்த வாடை அடித்ததும், முழங்கைவரை நுரையோடு நின்று, "கிளவுஸ நம்பாத லா மாலா, கைய கழுவு" என்று நீ என்னை அதட்டியது நினைவுக்கு வந்தது. நீ இறந்து ஐந்து மாதமாகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உனக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும்.

மலைமேல் ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தோம். ஒன்றாகவே தாதிகளானோம். மலைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகள் பிரிவில் இருவருக்கும் வேலை கிடைத்தது.

ஒரு விடுமுறை நாளில் மாமாவின் பூந்தோட்டத்தில் ரோஜாக்களைக் கட்டாகக் கட்டும்போது என் ஆள்காட்டி விரலில் முள் குத்தியது. இரண்டே நாளில் நகக்கண்ணில் சீழ் கட்டியது. சீழ் பிடித்த விரலோடு அந்தப் பிரிவுக்குள் நுழையவே கூடாது. ஆனால் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. விடுப்பு எடுத்தால் தள்ளிப்போகும் என்று பயந்தேன். விரலில் பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை மாட்டினேன். கழற்றினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, ஒரு குழந்தையைத் தொட்ட கையுறையோடே அடுத்த குழந்தையையும் தொட்டேன்.

நீ கவனித்தாய். "ஏன்டி எந்நேரமும் கிளவுஸ்?"

"சோப்பு ஒத்துக்கல. கை அரிக்குது."

மறுநாள் டவுனிலிருந்து எனக்கு ஒரு கிரீம் வாங்கி வந்தாய்.

நம் லயத்துச் செல்வியின் குறைமாதக் குழந்தை அப்போது அங்கே இருந்தது. முதலில் அடுத்த தொட்டில் குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றிச் சிவந்தது. பிறகு இன்னொன்றுக்குக் கொப்புளம். செல்வியின் மகன் பால் குடிப்பதை நிறுத்தினான், உடம்பு சில்லிட்டது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். நான்காம் நாள் மதியம் இறந்துபோனான். அவனைத் துணியில் சுற்றிச் செல்வியிடம் கொடுத்தவள் நீ. நான் சாப்பிடப் போயிருந்தேன். வேண்டுமென்றேதான் போனேன்.

பிறகு எல்லோர் மூக்கிலும் கையிலும் பஞ்சால் தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குள் வெளியே ஒரு கிளினிக்கில் மாத்திரை வாங்கி விழுங்கியிருந்தேன், விரல் ஆறிவிட்டது. என்னிடம் ஒன்றும் அகப்படவில்லை. உன் மூக்கில் கிருமி இருந்தது.

டாக்டர் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. "நல்லா இருக்கறவங்க மூக்குலயும் இது இருக்கும். உங்ககிட்டருந்துதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. மருந்து போட்டுட்டு வேலைக்கு வாங்க" என்றார். நீ அதன்பின் வேலைக்குப் போகவில்லை. அன்று மலையேறும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளையக் கொன்னுட்டேன் மாலா" என்றாய்.

நான் உன் முதுகைத் தடவி, "விடுடி, தெரிஞ்சா செஞ்ச?" என்றேன். ஆறுதல் சொல்வதுபோல் பழியை உன் மேல் வைக்கிறேன் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

மலையிலேயே, கோலா தெர்லா ஊரில் காய்கறி கட்டும் கொட்டகை வேலைக்குப் போனாய். கழுவிக் கழுவி உன் விரல்கள் வெடித்தன. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு லயத்தில் யாரும் உன்னைக் கூப்பிடவில்லை. என் மகள் பிறந்தபோது வந்தாய்; வாசலிலேயே நின்றாய்.

"உள்ள வரல. இங்கேருந்தே பாத்துக்கறேன்."

குழந்தையை உன் கையில் கொடுத்திருக்கலாம். 'உனக்குப் பயமா இல்லையா?' என்று நீ கேட்டால் என்ன சொல்வது? தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைமைத் தாதி. ஒவ்வொருத்தியின் விரலையும் பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன். கண்டிப்பானவள் என்று பாராட்டுகிறார்கள்.

மார்பில் கட்டி என்று தெரிந்தும் நீ வைத்தியத்துக்குப் போகவில்லை. உன்னை எடுத்த அன்று உன் அம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் ஒதுக்குனாங்க. நீ ஒருத்திதான்மா அவள ஒதுக்கல" என்று அழுதார். செல்வியும் வந்திருந்தாள். என்னைத் தனியே அழைத்து, "நான் அவள மன்னிச்சு ரொம்ப நாளாச்சுக்கா. அவகிட்டதான் சொல்லாம விட்டுட்டேன்" என்றாள்.

அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும்.

"அவளுக்குத் தெரியும் செல்வி" என்றேன். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.