பெரிய எழுத்து

வியாழன் இரவு, சிதம்பரம்.

லேப்டாப்பை ஃபார்மட் செய்ததில் புள்ளியியல் மென்பொருளில் என் செட்டிங்ஸ் எல்லாம் போய்விட்டது. பென்டிரைவில் வைத்திருந்த செட்டிங்ஸ் ஃபைலைத் திரும்ப ஏற்றினேன். வீட்டுக்காரரும் அதே மென்பொருளில்தான் வேலை பார்க்கிறார், அவர் ஃபைலும் அதே பென்டிரைவில். அவசரத்தில் அவருடையதை ஏற்றிவிட்டேன். திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸில் வந்து நின்றது. அட்டவணையில் இரண்டு பத்திக்கு மேல் தெரியவில்லை. இப்படியா வேலை பார்க்கிறார் இந்த மனுஷன்?

"ஏங்க, கண்ணு நல்லா தெரியுதா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் தெரியுது. உனக்கு எப்பவும் சந்தேகந்தான்."

கோபம் வந்தது. அதைவிடப் பயம் ஜாஸ்தி.

"எனக்குத்தாங்க கண்ணு வலிக்குது. சனிக்கிழமை கடலூர்ல டாக்டர பாக்கப் போறேன், துணைக்கு வாங்க."

"அய்யய்யோ, வலிக்குதா? நாளைக்கே போலாம்" என்று பதறிவிட்டார், பாவம்.

இரண்டு பேருக்கும் டோக்கன் போட்டிருக்கிறேன்.