ஒன்பதுக்கு ஒன்பது

ஜூன் 4

மெத்தைக் கடை முதலாளிக்கு,

நான் நலம். நீங்களும் உங்கள் பன்னிரண்டடித் தையல் மிஷினும் நலம்தானே? போனில் பேசினால் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், நான் பட்டென்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

மருந்துக் கடை மாடியில் ஓர் அறை பிடித்திருக்கிறேன். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், நம் பெண் பிறந்த வருஷம் வாங்கிய வீட்டுத் தையல் மிஷின். உங்கள் கடையிலிருந்து ஓர் ஊசிகூட எடுத்து வரவில்லை. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஏன் வந்துவிட்டேன் என்று பெண்ணிடம் கேட்டீர்களாமே. ஒன்றும் தெரியாத மாதிரி கேட்காதீர்கள். போன மாதம் அந்தத் துணி வியாபாரி நம் போர்வையைத் தடவிப் பார்த்து, இந்தக் கொடித் தையல் யாருடையது என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். "எல்லாம் நான்தான். இவ நூல் கோத்துக் குடுப்பா" என்றீர்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த மிஷினை ஓட்டியது நான். நீங்கள் பஞ்சு வாங்கினீர்கள், பில் போட்டீர்கள், கல்லாவில் உட்கார்ந்தீர்கள். அன்றைக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

நேற்று முதல் வேலை வந்தது. பல் டாக்டர் அம்மா ஒருவர் மாடியேறி வந்து, ஒன்பதடிக்கு ஒன்பதடி பஞ்சுப் போர்வை வேண்டும், மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சும்மா தகவலுக்கு.

இப்படிக்கு,
நூல் கோத்துக் கொடுத்தவள்


ஜூன் 8

அன்புள்ள இவளுக்கு,

உன்னை வேறு எப்படியும் நான் கூப்பிட்டதில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வியாபாரம் என்றால் நாலு வார்த்தை கூடக்குறைய வரும். அதைப் போய் மனதில் வைத்துக்கொண்டு வீட்டை விட்டே போவார்களா? அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். நம் பெண் வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்பதுக்கு ஒன்பதா? உனக்கென்ன பைத்தியமா? வீட்டு மிஷினில் ஊசிக்கு வலப்பக்கம் ஒரு சாண் இடம். அதற்குள் ஒன்பதடிப் போர்வையைச் சுருட்டி எப்படி நுழைப்பாய்? நுழைத்தாலும் மீதிப் போர்வை தொங்கி இழுக்கும், ஊசி ஒடியும், தையல் கோணும். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் நடக்காது. மூட்டை கட்டி வை, வண்டி அனுப்புகிறேன். இங்கே வந்து நம் மிஷினில் தைத்துக் கொடு. வந்தவள் அப்படியே இருந்துவிடு.

முடியாது என்றால் ஒரு பந்தயம். மாதக் கடைசிக்குள் அந்தக் குட்டி மிஷினில் முடித்தாயானால், கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தையல் உன்னுடையது என்று சொல்கிறேன். முடிக்காவிட்டால் பேசாமல் திரும்பி வா. பழைய பேச்சை எடுக்கக் கூடாது.

அரிசிக்கு எத்தனை விசில் என்று எழுது. இரண்டு நாளாகக் கஞ்சிதான்.

உன்
வீட்டுக்காரன்


ஜூன் 11

வீட்டுக்காரருக்கு,

பந்தயம் பந்தயம்தான். பிறகு வார்த்தை மாறக் கூடாது.

மூன்று விசில்.


ஜூன் 19

வீட்டுக்காரருக்கு,

என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு முன்னால்.

அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் மொட்டை மாடியில் விரித்து, முந்நூறு ஊக்கு குத்தினேன். முட்டியில் தோல் உரிந்துவிட்டது. பிறகு உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினேன் தெரியுமா? ஓரத்தில். உங்கள் பெரிய மிஷினில் இரண்டு உருளைக்கு நடுவே போர்வையை இழுத்துக் கட்டி, இந்த ஓரத்தில் பிடித்து அந்த ஓரத்துக்குப் போவோமே, இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாக அங்கே போய்விட்டது. அங்கே துணி அசையாது, மிஷின் நகரும். இங்கே மிஷின் அசையாது, துணிதான் நகர வேண்டும். அது எனக்கு உறைக்க ஐந்து நாள் ஆயிற்று. ஒவ்வொரு வரிசைக்கும் துணி நூலளவு நூலளவாகத் தள்ளிக்கொண்டே போய், நடுவில் பூனை படுத்திருக்கிற மாதிரி ஒரு புடைப்பு. திருப்பிப் பார்த்தால் அடித்துணி மடங்கி, இரண்டு இடத்தில் மடிப்போடு சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

ஐந்து நாள் தையலையும் பிரித்தாக வேண்டும். ஜன்னலடியில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? அழுது முடித்துவிட்டுப் பிரிக்கத் தொடங்கினேன். மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருக்கிறது.

மேல்மாடியாள்


ஜூன் 21

அன்புள்ள இவளுக்கு,

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக.

போதும், விட்டுவிடு. தோற்றாய் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை வண்டி அனுப்புகிறேன், போர்வையோடு ஏறி வந்துவிடு. உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை.

உன்
வீட்டுக்காரன்


ஜூன் 23

வீட்டுக்காரருக்கு,

வண்டி வந்தால் டிரைவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். வீணாக அலைய விடாதீர்கள்.

பிரித்தாகிவிட்டது. இந்தத் தடவை நட்டநடுவில் தொடங்கியிருக்கிறேன். வலது பாதியைப் பாய் மாதிரி இறுகச் சுருட்டி, கிளிப் போட்டு, அந்த ஒரு சாண் இடத்துக்குள் நுழைத்தேன். நுழைகிறது! நடுவிலிருந்து வெளியே வெளியே போகப் போகச் சுருள் இளைத்துக்கொண்டே வருகிறது. இந்தப் பாதி முடிந்ததும் போர்வையையே திருப்பிப் போட்டு அடுத்த பாதி. எப்போதும் பாதிதான் உள்ளே இருக்கும்.

தொங்கி இழுக்கும் என்றீர்களே, தொங்க விட்டால்தானே? கட்டிலை இழுத்து மேஜைக்கு இடப்பக்கம் போட்டேன். கீழ்வீட்டு அம்மாவிடம் இஸ்திரி மேஜையை வாங்கிப் பின்னால் போட்டேன். கொஞ்சம் என் தோள்மேல் கிடக்கிறது. மருந்துக் கடையில் ரப்பர் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டால் துணி வழுக்குவதில்லை. ஒரு கையகலம் தைப்பேன், ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்துவேன், குவியலைத் தளர்த்தி விடுவேன், மறுபடி ஒரு கையகலம். மருந்துக் கடைக்காரர், "என்னம்மா, மாடியில லாரி ஓட்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம், லோடு ஏற்றியிருக்கிறேன் என்றேன்.

தோளும் கழுத்தும் விட்டுப்போகிறது. ஆனாலும் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் தைத்ததில்லை.

மேல்மாடியாள்


ஜூலை 3

அன்புள்ளவளுக்கு,

முப்பதாம் தேதி டாக்டர் அம்மா போர்வையோடு கடைக்கு வந்தார். மேஜைமேல் விரித்தார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். மேலே பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், நடுவிலிருந்து நாலு மூலைக்கும் கொடி ஓடுகிறது, ஒரு சுருக்கம் இல்லை. நம் மிஷினில்கூட இப்படி வந்ததில்லை. கடையில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "இதும் இவ தச்சது, இதுவரைக்கும் இங்க வித்ததும் இவ தச்சது. நான் பொய் சொல்லிட்டு இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் அம்மா நம் பழைய வாடிக்கை, போனிலேயே ஆர்டர் கொடுப்பவர், நீ பார்த்ததில்லை. நம் பெண்ணிடம் உன் விலாசம் வாங்கி, அவரை உன்னிடம் அனுப்பியதே நான்தான். ஒன்பதுக்கு ஒன்பது கேளுங்கள் என்று சொன்னதும் நான்தான். ஒரு வாரத்தில் கை ஓய்ந்து நீயே திரும்பி வருவாய் என்று நினைத்தேன். அன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கே அசிங்கமா இருக்கு. நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றார்.

உன்னைக் கெடுக்க நினைக்கவில்லை. நீ வர வேண்டும் என்றுதான். வீடு வீடாக இல்லை. வந்துவிடு.

உன்
வீட்டுக்காரன்


ஜூலை 6

அய்யா,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலு பேர் முன்னால் உண்மையைச் சொன்னதற்கு நன்றி. பந்தயத்தை நிறைவேற்றிவிட்டீர்கள்.

நூல் கோத்துக் கொடுப்பாள் என்று சொன்னதைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். ஆனால் உட்கார்ந்து அழுதேன் என்று உங்களுக்கு எழுதினேனே. அதைப் படிக்கும்போது, அழவைத்தது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, விட்டுவிடு, வண்டி அனுப்புகிறேன் என்று பதில் எழுதினீர்கள். அந்த ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நான் வர மாட்டேன். என் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வையுங்கள், நூல் எப்படிக் கோப்பது என்று நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். நம் பெண் வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று இனி யாரிடமும் சொல்ல வேண்டாம். பிரிந்துவிட்டோம் என்றே சொல்லுங்கள்.

இனியும் யாரையாவது அனுப்புவதென்றால் தாராளமாக அனுப்புங்கள். பத்தடி, பன்னிரண்டடி, உங்களுக்குத் தெரிந்ததிலேயே பெரிய கட்டில் யார் வீட்டில் இருக்கிறதோ அவர்களை அனுப்புங்கள். என்னைத் தோற்கடிக்கத்தான் அனுப்புகிறேன் என்று அவர்களிடம் சொல்லியே அனுப்புங்கள். தைத்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பஞ்சுப் போர்வை தைப்பவள்,
மருந்துக் கடை மாடி