தம்பியின் கட்டைவிரல்கள்

ஜூன் 14, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. ஞானராஜ் போய்விட்டான். காய்ச்சல் கண்ட ஆறாம் நாள், காலை ஏழேகால். என் ஒரே தம்பி. முப்பத்தொரு வயது.

செய்ய வேண்டியவை: போதகருக்கு ஆள். அவன் வேலை பார்த்த ரயில்வே ஆபீசுக்குத் தகவல். பெட்டிக்கு அளவு. கறுப்புக் கரை போட்ட கடிதத்தாள். அவன் கைக்கு வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி. பள்ளிக்கூடத்துக்கு என் லீவு.

அவன் மனைவி மா கின் அழவில்லை. இந்த ஊர்ப் பர்மாக்காரி. கல்யாணமாகி ஐந்து வருஷம், இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. வெந்நீர் வைத்து அவளே குளிப்பாட்டினாள். காதுக்குப் பின்னால் மட்டும் மெதுவாக. அவனுக்கு அங்கே கூச்சமாம். எனக்குத்தான் அழுகை அடங்கவில்லை.

மத்தியானம். மா கின் தன் தலையிலிருந்து நாலைந்து முடியைப் பிடுங்கித் திரித்து, ஞானராஜின் இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"என்ன இது?"

"எங்க வழக்கம், அக்கா. பிள்ளை இருந்தா பிள்ளையோட முடி. நமக்குத்தான் இல்லையே. அதான் என் முடி."

"போதகர் பார்த்தா அஞ்ஞானம்னுவார். நம்ம கல்லறைத் தோட்டத்துல இடம் தர மாட்டார்."

"கட்டலேன்னா எனக்கு மனசு கேக்காது."

பூ வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் போதகரின் மனைவி ஒரு வெள்ளி லாக்கெட்டுடன். "தம்பி முடியில கொஞ்சம் வெட்டி இதுல வச்சுக்கோம்மா. துரைசானிங்க எல்லாரும் அப்படித்தான். கண்ணியமான வழக்கம்." வெட்டி வைத்துக்கொண்டேன். மா கின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 15, புதன்

மழை விடவில்லை. அடக்கம் பத்து மணிக்கு. மா கின் உடை மாற்ற உள்ளே போயிருந்தாள். வாசலில் போதகரின் வண்டிச் சத்தம். கட்டைவிரலில் இருந்த முடியை வெட்டிவிட்டேன். நேற்றைய அதே கத்தரிக்கோல். அவசர அவசரமாக அவன் கைகளில் இரண்டு கையுறையையும் மாட்டினேன். வெட்டிய முடி என் கைக்குட்டையில்.

மா கின் வந்தாள். அவன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போதகரிடம்: "அவரோட பைபிள். கை மேல வைக்கணும். நானே வைக்கிறேன்."

போதகருக்குச் சந்தோஷம். "இந்தப் பெண்ணோட மனசு கனிஞ்சு வருது" என்றார் என்னிடம். பெட்டி மேல் குனிந்தவள் நிமிர வெகுநேரம். கடைசி முத்தம் என்று எல்லோரும் தலை குனிந்து நின்றோம். பிறகு மூடி. ஆணி.

குழியில் தண்ணீர். வாளி வாளியாக இறைத்தார்கள். பாட்டு, ஜெபம், மண். என் குடை யாரிடமோ போய்விட்டது.

திரும்பும்போது வண்டியில் என் தோளில் சாய்ந்து அவள் தூங்கிவிட்டாள். எப்படித் தூக்கம் வருகிறது என்று கோபம். பிறகு வெட்கம்.

ஜூன் 17, வெள்ளி

பால்காரன் வரவில்லை. மூன்று கடிதம் எழுதினேன். ஈரத்தில் கறுப்புக் கரை ஊறி விரலெல்லாம் மை.

லாக்கெட்டைக் கழுத்தில் போட்டுக் கழற்றிவிட்டேன். என் கழுத்தில் அவன் முடி இருந்தால் கண்ணியம், அவன் கையில் அவள் முடி இருந்தால் அஞ்ஞானம். இதைப் புதன்கிழமை யோசித்திருக்க வேண்டும். பெரிய டீச்சரம்மா. கோழை.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்?

ஜூன் 19, ஞாயிறு

தூறல். ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. மா கின் தெருமுனையிலிருந்து மொஹிங்கா, மீன்சாற்றில் போட்ட சேமியா, வாங்கிவந்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். நான் என் கிண்ணத்தைத் தொடவில்லை. கைக்குட்டையைப் பிரித்து மேசை மேல் வைத்தேன். நான்தான் வெட்டினேன் என்றேன்.

"தெரியும், அக்கா."

"எப்போ தெரியும்?"

"உடை மாத்திட்டு வந்தப்பவே. கையுறை ரெண்டும் தனித்தனியா இருந்துச்சே."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலே?"

"பைபிள் கேட்டேனே." கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "அதுக்கு அடியில மறுபடியும் கட்டிட்டேன். கையுறைக்கு மேலே. இந்தத் தடவை நல்லா தடியா. சாப்பிடுங்க, ஆறிடும்."

சாப்பிட்டேன். இரண்டு கிண்ணம்.