கடுக்காய்ச் சித்தனும் நெட்டை இளவரசியும்

போன வாரம் சேலம் பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடையில் தொங்கிய ஒரு நாவலின் அட்டையைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. கையில் வாளோடு ஒரு ராஜகுமாரி. அவள் இடுப்பு உயரத்தில் ஒரு மந்திரவாதி. அவன் விரல் நுனியிலிருந்து புகை வருகிறது, அதைப் பார்த்து அவனே மிரண்டு நிற்கிறான். வேறு எதையும் புரட்டாமல் அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் சிரிப்பு பிடித்துக்கொண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். கண்டக்டர் பதறிப்போய், "அக்கா, வாந்தி வருதுங்களா? ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருங்க" என்றார். பக்கத்து சீட்டு அம்மாள் கேட்காமலே எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்து அழுத்தினாள். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உன் கதையில் பாதிகூட இல்லையடி. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? நீ போய் ஒரு வருஷம் ஆன பிறகு உனக்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் ஷெட். இருபது பெண்கள். நல்ல கொட்டை சாக்குக்கு, கறுப்புக் கொட்டையும் பூச்சிக் கொட்டையும் கூடைக்கு. அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. படிக்கத் தெரிந்த ஒருத்தி சத்தமாகக் கதை வாசிப்பாள். அவள் பங்கு வேலைக்கு மற்றவர்கள் ஆளுக்கு ஒரு முறம் சேர்த்துப் பொறுக்கித் தந்துவிடுவார்கள். நீ மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் என்பதால் வந்த முதல் நாளே முறத்தைப் பிடுங்கிவிட்டு உன் கையில் வாரப்பத்திரிகையைக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் கையில் இருந்த பத்திரிகையெல்லாம் தீர்ந்துவிட்டது. திரும்ப முறத்தைப் பிடிக்க உனக்கு மனசில்லை. "பத்திரிகை எதுக்கு? நானே எழுதறேன்" என்றாய். சோம்பேறித்தனத்தில் பிறந்த எழுத்தாளர் நீ. இதை நான் உன் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன்.

சரித்திரக் கதைதான் எழுதுவேன் என்று ஒரே பிடிவாதம். முன்னொரு காலத்தில் இந்தச் சேர்வராயன் மலையை ஆண்ட சிற்றரசனின் மகள் வேங்கைமாதேவி. ஆறடி உயரம். ஓடையில் வெள்ளம் வந்தால் குதிரை அவளைச் சுமக்காது, அவள்தான் குதிரையைச் சுமந்து கரையேற்றுவாள். அவளுக்கு ஜோடி கடுக்காய்ச் சித்தன் என்கிற மந்திரவாதி. அவள் தோளுக்குக்கூட எட்ட மாட்டான், தாடி மட்டும் முழங்கால் வரைக்கும். அவன் மந்திரம் எப்போதும் பாதிதான் பலிக்கும். எதிரிப் படையைத் தவளையாக்கப் பார்ப்பான். படை படையாகவே நிற்கும், சேனாதிபதி முதல் எல்லாருக்கும் தவளைக் குரல் மட்டும் வந்துவிடும். "தாக்குங்கள்" என்று கத்தப்போய் சேனாதிபதி எழுப்பிய சத்தத்தை நீ வாசித்துக் காட்டியபோது பாப்பாயி அக்கா முறத்தோடு மல்லாக்க விழுந்தாள்.

சரித்திரம் என்றால் கொஞ்சமாவது சரியாக இருக்க வேண்டாமா? இளவரசி காலையில் எழுந்ததும் பானகம் குடித்தாள் என்று நீ வாசித்ததுதான் தாமதம், என் அம்மா பொறுக்குவதையே நிறுத்திவிட்டாள்.

"என்ன சாமி இது? இந்தக் குளுருல காத்தால எந்திரிச்சுப் பானகமா குடிப்பா? காப்பித்தண்ணி வச்சுக் குடுக்க அரமணையில ஆளில்லையா?"

"அந்தக் காலத்துல காப்பி ஏதுங்க அத்தை? வெள்ளைக்காரன் கொண்டாந்து வச்சதுங்க" என்றாய்.

"அப்ப அந்தக் குள்ளன் மந்திரவாதின்னு எதுக்கு இருக்கான்? காப்பிகூட வரவழைக்க முடியாதவன் என்ன மந்திரவாதி?"

நீ ஒரு நிமிஷம் யோசித்தாய். அடுத்த வரியில் கடுக்காய்ச் சித்தன் விரலைச் சொடுக்கினான், காப்பி வந்தது. பாதி மந்திரம் ஆனதால் சர்க்கரை வரவில்லை. இருபது பேருக்கும் பரம திருப்தி.

அந்தக் கதையை நீ எதற்காக எழுதினாய் என்பது அப்போது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நெட்டை இளவரசி நான். குட்டை மந்திரவாதி எங்கள் எஸ்டேட் கம்பவுண்டர். தலைவலியோ வயிற்றுவலியோ, யார் போனாலும் ஒரே ரோஸ் கலர் மருந்தை ஊற்றிக் கொடுக்கிற மனுஷர். ஒரு நாள் காட்டெருமைக்குப் பயந்து பலா மரப் பொந்துக்குள் ஒளிந்துகொண்டு வெளியே வர முடியாமல் கிடந்தவரை நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். இழுத்த கையை அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. மனசு அத்தோடு போய்விட்டது. அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று உன்னிடம் சொன்னேன். அம்மாவிடம் லேசாகப் பேச்சை எடுத்தபோது, "அந்தக் கம்பவுண்டரா? தாலி கட்டறதுக்கு முக்காலி போட்டு ஏத்தி உடுவியா?" என்று கேட்டாள். கையோடு கிளியூரில் எனக்கு ஏற்ற உயரத்தில் ஒருத்தனைப் பார்த்து, பங்குனி பிறந்ததும் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டாள்.

நான் உன் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். நீ பென்சிலைச் சீவிக்கொண்டே, "உங்கம்மாகிட்ட நான் பேசினா முறத்தால அடிப்பாங்க. கதை பேசட்டும், கதையை அடிக்க முடியாதில்ல?" என்றாய்.

முதலில் கதையையும் அம்மா அடித்தாள். "இந்தக் குள்ளனை மொதல்ல கொன்னு போடு கண்ணு, கதை வெளங்கும்" என்றாள். நீ அசரவில்லை. அவனுக்குக் காய்ச்சல் வரவைத்தாய், பசியோடு மழையில் நிற்கவைத்தாய், அவன் அம்மாவை நினைத்து அழவைத்தாய். பத்து நாள் போனது. "நேத்து மழையில நின்னானே, அப்பறம் சோறு தின்னானா?" என்று அம்மா முதல் ஆளாக வந்து கேட்டாள். சித்தன் எல்லா நோய்க்கும் ஒரே ரோஸ் கலர் தைலம் கொடுக்கிறான் என்று நீ வாசித்ததுமே ஷெட்டில் பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாரம் தவறாமல் அந்த மருந்தைக் குடிக்கிற அம்மாவுக்கு மட்டும் புரியவே இல்லை. அந்த முழங்கால் தாடி அவள் கண்ணை நன்றாகவே மறைத்துவிட்டது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. சித்தனை எதிரிகள் ஒரு மரப் பொந்துக்குள் வைத்துப் பூட்டுகிற அத்தியாயம். "இளவரசி வருவாள் என்று அவன் நம்பவில்லை. ஆனாலும் காத்திருந்தான்" என்று வாசித்து நிறுத்தினாய். ஷெட் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். கண்ணில் தண்ணீர் நிற்க, கை பாட்டுக்குக் கறுப்புக் கொட்டையைச் சாக்கில் போட்டிருக்கிறது, நல்லதைக் கூடையில் தள்ளியிருக்கிறது. மூட்டை சேலத்துக்குப் போய், பிரித்துப் பார்த்த கடைக்காரர் கத்தித் தீர்த்ததில், அதே லாரியிலேயே திரும்பி வந்தது. எந்த மூட்டை யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு கலரில் துணி கட்டுவோம் இல்லையா? திரும்பி வந்ததில் மோசமான மூட்டைக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அம்மாவின் துணி. முப்பது வருஷத்தில் ஒரு கறுப்புக் கொட்டை தவறவிடாதவள் என்று பெயர் எடுத்தவள்.

"இனிமே ஷெட்டுக்குள்ள கதைங்கற பேச்சே இருக்கக் கூடாது" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பங்குனிக்கு எட்டு நாள்தான் பாக்கி. மந்திரவாதி மரத்துக்குள், நான் கிளியூர்க்காரன் கையில்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நீ வருவதற்குள் அம்மா உன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நானும் பின்னாலேயே வந்து நின்றேன்.

"ஏன் கண்ணு, அவன் வெளிய வந்தானா இல்லையா? ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"வருவானுங்க அத்தை. வந்தா இளவரசிக்கு அவனைக் கட்டி வெக்கலாமுங்களா? அதான் யோசிக்கறேன்."

"இதுல என்னத்த யோசிக்கறே? கட்டி வெய்யி!"

"ஆளு நொம்பக் குட்டைங்களே?"

"குட்டையா இருந்தா என்ன? மனசு நல்ல மனசு. அவளை எப்பிடித் தாங்கறான்!"

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். சும்மா இருந்திருக்கலாம். உனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே! "அப்ப கம்பவுண்டரை வரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டுவிட்டாய்.

அம்மாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. தாடி, தைலம், உயரம் என்று ஒவ்வொன்றாக அவள் முகத்தில் ஏறியது தெரிந்தது. எழுந்து புடவையை உதறினாள். "கதை வேற, எம்பட புள்ள வேற. என்னை வெச்சு வெளையாடிப் போட்டீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். அன்றைக்கு நீ அழுததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். "கெடுத்துட்டேன்டி, அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் நான் ஆறுதல்கூடச் சொல்லவில்லை. அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன்.

மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் கம்பவுண்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் அதே ரோஸ் பாட்டில். அம்மா மருந்தை வாங்கவில்லை. படுத்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மரப் பொந்துக்குள்ள இருந்து எப்பிடி வெளிய வந்தீங்க?"

மேஸ்திரியைத் தவிர ஆண்கள் யாரும் ஷெட்டுக்குள் வருவதில்லை, அவருக்குக் கதையில் ஒரு வரி தெரியாது. காட்டெருமை விஷயத்தை நான் வீட்டில் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

"நானா வரலீங்க. எருமை போயி ஒரு மணி நேரம் ஆகியும் எனக்குக் காலே எந்திரிக்கலீங்க. உங்க மகதான் கையப் புடிச்சு இழுத்தாங்க. நொம்ப பயந்துபோட்டனுங்க."

"இதை நாலு பேரு கேட்டாலும் இப்பிடியே சொல்லுவீங்களா?"

"நடந்தது அதானுங்களே."

அம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள். "உங்கப்பன் பாம்பு கடிச்சன்னிக்குக்கூட முள்ளு குத்திருச்சுன்னுதான் சொன்னான். பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பனே, சாமி." அப்பா செத்து பதினாறு வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அப்புறம் மருந்தை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "போட்டோ புடிக்கறப்ப மட்டும் எம்பட புள்ள குனியக் கூடாது. நீங்க எது மேலயாச்சும் ஏறி நின்னுக்கோங்க" என்றாள். கல்யாண போட்டோவில் அவர் காப்பி சாம்பிள் பெட்டி மேல் நிற்கிறார், வேட்டி அதை மறைத்திருக்கிறது.

சேதி சொல்ல உன்னிடம் ஓடி வந்தேன். கட்டிப்பிடிப்பாய் என்று பார்த்தால் உம்மென்று உட்கார்ந்துவிட்டாய். "மரத்தை உடைக்க நான் பறக்கற யானை வெச்சிருந்தேன்டி. உன் ஆளு ஒரே வரியில முடிச்சுட்டாரே!" இரண்டு நாள் அவரோடு பேசவில்லை நீ. பிறகு கதையை ஒழுங்காக எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாய். சரித்திரக் கதையில் காப்பி வரக் கூடாது என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். "இவங்களுக்குச் சரித்திரமும் தெரியல, காப்பியும் தெரியல" என்று அதைக் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டு அடுத்த கதையை ஆரம்பித்தாய். உனக்கு ஏன் ஒருத்தனைப் பார்க்கவில்லை என்று கேட்டால், "எனக்கு ஏத்தவனை இன்னும் எழுதி முடிக்கல" என்பாய். கேட்கக் கேட்கச் சிரிப்பேன். ஒரு தடவையாவது சிரிக்காமல் கேட்டிருக்கலாம்.

போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நாளில் போய்விட்டாய். ஒரு அத்தியாயம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. கோயிலில் இருந்து கல்லறைக்கு ஏற்றம். பெட்டியைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒரு மூலைக்கு என் வீட்டுக்காரர் போய் நின்றுகொண்டார். "எங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சவங்க, நான்தான் தூக்குவேன்" என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. தூக்கினார்கள். பெட்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது. அவர் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தார், பெட்டி மேலும் கீழும் ஆடியது. உள்ளே நீ அந்த மூலைக்கு வழுக்கிப் போய் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு ஊர்வலத்தில், ஃபாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வாய்விட்டுச் சிரித்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அவரை நகர்த்திவிட்டு அந்த மூலைக்குத் தோளைக் கொடுத்தேன். பெட்டி சமமாக நின்றது. "பொம்பளைங்க தூக்கற வழக்கம் இல்லீங்களே" என்று ஒரு குரல் கேட்டது. "உடுங்க, அவ மூட்டை தூக்குனவ" என்று பாப்பாயி அக்கா அதட்டினாள். அவர் என் செருப்பையும் பையையும் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, சத்தமாக அழுதபடி என் பக்கத்திலேயே நடந்து வந்தார். உன்னை மண்ணில் இறக்கும்வரை நான் தோள் மாற்றவில்லை.

ஒரு வருஷம் ஆகியும் இந்த இடது தோள் குளிர் வந்தால் வலிக்கிறது. அவர் தைலத்தை எடுத்துக்கொண்டு வருவார். வேண்டாம், இது இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.