ஆயுதபூஜைக்குச் சந்தனம் வேண்டாம்

குன்றாண்டார்கோவில்
ஐப்பசி 4

அன்புத் தம்பி சிவபிரகாஷுக்கு,

அக்கா அமுதவல்லி எழுதுவது. ஆத்தாவும் நானும் சுகம். நீ போன இடத்தில் சோறு கிடைக்கிறதா, நூடுல்ஸைத் தின்றே காலத்தை ஓட்டுகிறாயா என்று ஆத்தா தினமும் கேட்கிறாள். ஓட்டல்காரனே ரசம் வைத்துக் கொடுக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போன் போட்டால் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது பார். உன் ஆபீஸ் நிலவழகன் திங்கட்கிழமை அங்கே கிளம்புகிறாராம். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மழை இன்னும் பிடிக்கவில்லை. கண்மாயில் பாதித் தண்ணீர்தான். ஆத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது.

இலுப்பூர் நாகராசு மாமா புதுக் கார் வாங்கியிருக்கிறார். நீ இப்போது போயிருக்கிற நாட்டில் செய்த பேட்டரிக் கார். ஊரே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. நம்ம சிவபிரகாஷ் கம்பெனி காரை விட்டுவிட்டு இதை ஏன் வாங்கினீர்கள் என்று ஆத்தா முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். மாமா கோபப்படவில்லை. நம் கார் ஒன்றிரண்டு லட்சம் குறைவுதானாம், ஆனால் ஒரே சார்ஜில் இது போகிற தூரத்தில் பாதிதான் அது போகுமாம். வெளிநாட்டுக் காருக்கு வரி குறைந்தால் அந்த ஒன்றிரண்டு லட்சமும் இருக்காது என்று பேச்சாம். என்னையும் ஏற்றிக் கீரனூர் வரை ஒரு ரவுண்டு போய் வந்தார். சத்தமே இல்லை. என்னால்தான் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. அந்த நாட்டுக்காரர்கள் உலகத்துக்கே லட்சக்கணக்கில் கார் செய்கிறார்கள், நாம் ஆயிரக்கணக்கில் செய்கிறோம், அதனால் ஒவ்வொரு சாமானும் நமக்கு விலை கூடுகிறது என்றாய். நம் காருக்கான பேட்டரியே அங்கிருந்துதான் வருகிறது என்றாய். நாம் ஒரு புது மாடல் போடுவதற்குள் அவர்கள் மூன்று போட்டுவிடுகிறார்கள் என்றாய். கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டேன். யார் வீட்டுக் கதையோ என்றுதான் இருந்தது.

இப்போது எங்கள் யூனிட் கதைக்கு வருகிறேன். காருக்குள் ஓடுகிற வயர்களைப் போர்டில் விரித்து, டேப் சுற்றி, ஒரே கட்டாக்கி உங்கள் கம்பெனிக்கு அனுப்புகிறோமே, அந்த வேலை ஆவணி முதலே குறைந்துவிட்டது. ஒரு நாள் சூப்பர்வைசர் ரத்தினவேல் சார் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எங்கள் கட்டின் கனத்தில் பாதிகூட இல்லை. பாதி வயரே அந்தக் காருக்குத் தேவையில்லையாம். விலையும் குறைவாம். நான் முனைக்கு முனை தடவிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஆயுதபூஜை வந்தது. வழக்கம்போல முதல்நாளே கழுவித் துடைத்து, பூ கட்டி, பொரி கடலை எல்லாம் வாங்கி வைத்தோம். வயர் நுனியில் பின் அடிக்கிற மெஷினுக்குச் சந்தனம் வைக்க பிச்சையம்மாள் அக்கா கிண்ணத்தோடு போனபோது ரத்தினவேல் சார் குறுக்கே வந்தார்.

"சந்தனம் வேண்டாங்க. கறை இருந்தா மெஷின வாங்குறவங்க வெலையக் கொறைப்பாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பூசணிக்காயை வெளியே கொண்டுபோய் உடைத்துவிட்டு வந்து, பொரியை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினோம்.

மறுநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயரை அங்கிருந்தே வாங்குவதா என்று பார்க்கத்தான் உங்கள் கம்பெனி ஆள் அனுப்பியிருக்கிறது, போனது நீதான், நீ சரி என்று எழுதிவிட்டால் தை மாதம் இங்கே பூட்டுதான் என்றார். மெஷின் பார்க்க என்று போனாயே தம்பி, என்னிடம் அப்படித்தானே சொன்னாய்.

அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வேனில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். நேற்றுவரை வாடி போடி என்றவர்கள் "வாங்க" என்கிறார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பிடி முந்திரி போட்டு, தம்பிக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஒரு பையைக் கொடுத்தார்கள். வாங்க எனக்குக் கை வரவில்லை. வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்தப் பையையும் நிலவழகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நம் வாசலில் வெட்டிய வயர்த் துண்டுகள் கொட்டிக் கிடந்தன. பிள்ளைகள் விளையாடிப் போட்டது என்று ஆத்தா கூட்டித் தள்ளினாள். அத்தனை துண்டும் ஒரே அளவு. நாங்கள் சுற்றுகிற டேப் சுற்றியிருந்தது. யார் கை சுற்றியது என்றுகூட எனக்குத் தெரியும். ஆத்தாவிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாயங்காலமே கதவைச் சாத்திவிடுகிறேன்.

உன்னைப் படிக்க வைத்தது இந்த வயர்தான் என்று சொல்லிக் காட்டக் கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன் பார். நீ சரி என்று எழுதினால் எங்கள் சோறு போகும். வேண்டாம் என்று எழுதினால் உங்கள் கார் விலை குறையாது, கார் விற்காது, கொஞ்ச நாளில் உன் சோறும் எங்கள் சோறும் சேர்ந்தே போகும். இது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பேட்டரி அங்கிருந்து, வயரும் அங்கிருந்து என்றால், மாமா காருக்கும் உங்கள் காருக்கும் மேலே ஒட்டியிருக்கிற பெயர்தானே வித்தியாசம்? அந்தப் பெயரை ஒட்டுவதற்கு எத்தனை நாள் உன்னை வைத்திருப்பார்கள்? இதை உன் மீட்டிங்கில் யாராவது கேட்கிறார்களா?

இதை எழுது, அதை எழுது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் காலத்துக்கும் அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்றியது நானாகிவிடும். எழுதியாயிற்று என்றால் மட்டும் மறைக்காதே. வெளியாள் சொல்லித் தெரிந்துகொள்ள வைக்காதே.

ஊருக்கு வருகிற தேதியை எனக்கு மட்டும் சொல். திருச்சியில் இறங்கினால் மாத்தூர், கீரனூர் வழியாக வராதே. வேனைத் தவறவிட்ட எங்கள் யூனிட் பெண்கள் அந்த பஸ்ஸில்தான் ஏறுவார்கள். விராலிமலை போய் இலுப்பூர் வழியாகச் சுற்றி வா. கம்பெனிப் பெயர் போட்ட சட்டை வேண்டாம். ஆத்தா கேட்டால் அந்தப் பக்கம் ரோடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

குன்றாண்டார் உன்னைக் காப்பாற்றட்டும். நீ என்ன எழுதியிருந்தாலும், இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன்.

உன் அக்கா,
அமுதவல்லி