கெல்மருக்கு எதற்கு அனுமதி?

அன்புள்ள அப்பா,

உங்கள் மீது எனக்குச் சந்தேகம். இறந்துபோன மனிதரைக் குறுக்கு விசாரணை செய்வது அழகில்லைதான். ஆனாலும் கேட்காமல் விட முடியவில்லை. கெல்மர் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா?

வரும் ஞாயிறு எஸ்சன் நகரில் நான் பியானோ வாசிக்கிறேன். பெரிய மேடை ஒன்றுமில்லை, ஒரு தேவாலய மண்டபம். வீட்டுக் கீபோர்டில் நீங்கள் காட்டித் தந்த கெல்மரின் அந்தச் சின்ன இசைத் துண்டைத்தான் வாசிப்பதாகச் சொல்லியிருந்தேன். ஏற்பாட்டாளர் அம்மையார் நேற்றுத் தொலைபேசியில் இவர் பிறந்த வருடம் என்ன என்று கேட்டார். எந்தப் புத்தகத்திலும் ஆளைக் காணவில்லையாம். நிகழ்ச்சி நிரல் இன்று அச்சுக்குப் போகவேண்டும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சொன்னதுதான். நூற்றைம்பது வருடங்களுக்கு முந்தைய ஜெர்மன் இசையமைப்பாளர். கூச்சக்காரர், ஆனால் மூக்கு நுனியில் கோபம். எழுதியதில் முக்கால்வாசியைக் கிழித்துப் போட்டவர். யாராவது கைதட்டினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்பவர். அது சரி, கோயில் திருவிழாவில் ஆர்மோனியம் வாசித்ததற்குப் பொன்னாடை போர்த்தத் தேடியபோது, செருப்பு வைக்கிற இடத்தில் ஒளிந்து நின்றது யார் அப்பா?

அந்த மெட்டின் சுரம் எழுதிய தாளை, நீங்கள் துப்புரவு வேலை செய்த இசைப்பள்ளியின் குப்பைக்கூடையில் கண்டெடுத்ததாகச் சொன்னீர்கள். நேற்றிரவே அம்மாவிடம் விசாரித்தேன்.

"கெல்மரோ? அவரை எனக்குத் தெரியாது பிள்ளை. ஆனா அந்த மெட்டு, அப்பா அந்த வேலைக்குப் போக முதலே அவரின்ரை வாயிலை இருந்தது."

"அப்ப ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை, நான் சொல்லேல்லை" என்றுவிட்டுப் பருப்பைக் கிளறப் போய்விட்டார். அவரும் உடந்தை என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு உங்கள் பழைய கோப்பைத் திறந்தேன். உங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருந்த காலத்துக் கடிதம் ஒன்று அதில் இருந்தது. எஸ்சனில் ஒரு தமிழ் நாடகம், அதற்கு இசை உங்களுடையது. முடிவு வரும்வரை அகதிகள் தங்கவைத்த ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது சட்டம்; ஒரேயொரு மாலை டோர்ட்மண்ட் நகர எல்லையைத் தாண்டிப் போய்வர அனுமதி கேட்டிருக்கிறீர்கள். மறுத்திருக்கிறார்கள், இரண்டே வரியில்.

சின்ன வயதில் எனக்குச் சொன்ன கதை நினைவிருக்கிறதா? கெல்மரின் இசையைப் பக்கத்து ஊரில் வாசித்தார்களாம். அனுமதிக் கடிதம் கிடைக்காததால் அவரால் மட்டும் போய்க் கேட்க முடியவில்லையாம். நான் அழுதேன். பக்கத்து ஊருக்குப் போக ஒரு ஜெர்மன்காரருக்கு எதற்கு அனுமதி என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. நீங்களும் அதை யோசிக்கவில்லை. அங்கேதான் பிடிபட்டீர்கள்.

கோபம் வருகிறது அப்பா. பெற்ற மகளிடம்கூட "இது என்ரை பாட்டு" என்று சொல்ல என்ன வெட்கம்? நான் சிரித்துவிடுவேன் என்று பயந்தீர்களா? அழகாக இருக்கிறது என்று நான் சொன்னபோதெல்லாம் "கெல்மர் கெட்டிக்காரன்" என்பீர்களே, அப்போது உங்கள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

இன்று காலை கெல்மரின் பெயரை வெட்டிவிட்டு உங்கள் பெயரை எழுதி அனுப்பினேன். பிறந்த ஊர் சாவகச்சேரி என்றும் போட்டிருக்கிறேன். ஏசுவீர்கள், தெரியும். ஏசுங்கள்.

ஞாயிறு நானும் அம்மாவும் ரயிலில் போகிறோம். அரை மணிநேரம்கூட ஆகாது. உங்கள் பாட்டை எஸ்சனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் அப்பா, யாரிடமும் அனுமதி கேட்கமாட்டேன். அவர்கள் கைதட்டும்போது தூணுக்குப் பின்னால் போகவும் மாட்டேன்.

கெல்மருக்காக அழுத,
உங்கள் மூத்த மகள்